மலைக் கிராமத்தில் குறைந்த கட்டணப் பாலர் பள்ளி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏற்காட்டிலோ சேலத்திலோ இருக்கும் ஒரு தனியார் பள்ளி, சேர்வராயன் மலையிலுள்ள ஒரு கிராமத்தோடு சேர்ந்து 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளுக்குப் பாலர் பள்ளி நடத்த முன்வரும்போது இரண்டு தரப்பிலும் எழும் கேள்விகள் இவை. பள்ளி நிர்வாகம் கேட்பவை முதலில் வருகின்றன, பெற்றோர் கேட்பவை பின்னால்; கடைசி இரண்டு கேள்விகள் மீண்டும் நிர்வாகத்துடையவை. பதில்கள் எல்லாம் பள்ளி நிர்வாகத்தை நோக்கியே சொல்லப்படுகின்றன.

வேன் வைத்துப் பிள்ளைகளை எங்கள் பள்ளிக்கே அழைத்து வந்துவிடலாமே? ஊரில் எதற்குத் தனியாக நடத்த வேண்டும்?

வேண்டாம். பள்ளிதான் ஊருக்குப் போக வேண்டும். இந்தக் கூட்டு நிலைப்பதும் கலைவதும் பெரும்பாலும் இந்த ஒரு முடிவைப் பொறுத்தது.

சேலம்–ஏற்காடு பாதையில் மட்டும் 20 கொண்டை ஊசி வளைவுகள். மேலே உள்ள கிராமச் சாலைகளிலும் வளைவுக்குக் குறைவில்லை. மூன்று வயதுப் பிள்ளை காலையில் வெறும் வயிற்றோடு ஏறினால் வழியிலேயே வாந்தி எடுக்கும், வந்து சேர்ந்ததும் தூங்கிவிடும். பத்து மணிக்குக் காய்ச்சல் வந்தால் எஸ்டேட்டில் காப்பி பறித்துக்கொண்டிருக்கும் அம்மா உடனே வந்து தூக்கிப் போக முடியாது. வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்தால் பாதையே அடைபடும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் போக்குவரத்து நின்றது பலருக்கும் நினைவிருக்கும். அப்படிப்பட்ட நாளில் குழந்தை ஒரு பக்கமும் தாய் ஒரு பக்கமும் மாட்டிக்கொள்ளக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. ஊருக்குள் நடந்தால் பாட்டி எட்டிப் பார்ப்பாள், தாத்தா திண்ணையில் உட்கார்ந்து பாட்டு கேட்பார். என்ன நடக்கிறது என்று ஊருக்குத் தெரியும். தெரிந்தால்தான் நம்பிக்கை வரும். ஏற்காடு டவுனை ஒட்டி, கால் மணி நேரம் நடந்தால் வந்துவிடும் குடியிருப்பு என்றால் மட்டும் உங்கள் வளாகத்திலேயே வகுப்பு வைக்கலாம்.

ஊரில் அங்கன்வாடி இருக்கிறதே. அதற்குப் போட்டியாகிவிடாதா?

கவனமில்லாமல் தொடங்கினால் ஆகிவிடும், அது பிள்ளைகளுக்குத்தான் நஷ்டம். அங்கன்வாடி வெறும் பால்வாடி வகுப்பல்ல. மதிய உணவு, வாரம் 3 முட்டை, சத்துமாவு, எடை பார்ப்பது, தடுப்பூசி நினைவூட்டுவது, வைட்டமின் ஏ சொட்டு மருந்து எல்லாம் அங்கேதான் கிடைக்கின்றன. உங்கள் பாலர் பள்ளியில் சேர்ந்ததற்காக ஒரு பிள்ளையின் பெயர் அங்கன்வாடிப் பதிவேட்டிலிருந்து விழுந்தால், நீங்கள் கொடுத்ததைவிட எடுத்தது அதிகம்.

நடைமுறையில் இரண்டு வழி உண்டு. காலை 9 முதல் 12 வரை பாலர் பள்ளி நடத்திவிட்டு, மதிய உணவுக்குப் பிள்ளைகளை உதவியாளரே அங்கன்வாடிக்கு அழைத்துப் போவது ஒரு வழி. இடம் போதுமானால் அங்கன்வாடிக் கட்டடத்திலேயே, ஊழியரோடு சேர்ந்து காலை வகுப்பை நடத்துவது இன்னொரு வழி. இரண்டாவதற்கு வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர் மூலம் மாவட்டத் திட்ட அலுவலரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும். வாய்வார்த்தையாக வாங்கிய ஒப்புதல் அடுத்த அலுவலர் வந்ததும் செல்லாது. அங்கன்வாடி ஊழியரிடம் முதல் நாளே உட்கார்ந்து பேசுங்கள். ஊரில் எந்த வீட்டில் எத்தனை பிள்ளை என்பது அவருக்கு அத்துப்படி. அவரைத் தாண்டிப் போனால் ஊரே உங்களைத் தாண்டிப் போய்விடும்.

கல்வி உரிமைச் சட்டத்தில் 25 சதவீத இடம் ஏற்கெனவே கொடுக்கிறோம். அது போதாதா?

அது வேறு, இது வேறு. 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12(1)(சி) பிரிவு, நுழைவு வகுப்பில் 25 சதவீத இடத்தை நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்கச் சொல்கிறது. எல்.கே.ஜி. நடத்தும் பள்ளிக்கு எல்.கே.ஜி.யே நுழைவு வகுப்பு. ஆனால் தமிழ்நாட்டில் பள்ளியிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர்களுக்குத்தான் அந்த இடம். மலையில் ஒரு தனியார் பள்ளியைச் சுற்றி 1 கிலோமீட்டர் வட்டம் போட்டுப் பாருங்கள்: பெரும்பாலும் காப்பித் தோட்டமும் விடுதிகளும்தான் வரும், உட்கிராமம் வராது. மேலும் 2014-இல் உச்ச நீதிமன்றம் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. ஆக, சட்டக் கணக்கை மட்டும் பார்த்தால் மலைப் பிள்ளைக்கு எட்டுவது கொஞ்சம்தான்.

என்னென்ன அனுமதி வாங்க வேண்டும்?

தனிக் கட்டடத்தில் நடத்துவதானால் நான்கு சான்றுகள் கட்டாயம்: கட்டட உறுதிச் சான்று, வட்டாட்சியர் தரும் கட்டட உரிமம், தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, சுகாதாரச் சான்று. இவற்றோடு மாவட்டக் கல்வி அலுவலகத்தில் அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஏற்கெனவே அங்கீகாரம் உள்ள பள்ளியின் கிளைதானே என்று விட்டுவிடக் கூடாது. வேறு இடத்தில் நடப்பதற்கு அந்த அங்கீகாரம் தானாக நீளாது.

கூரைக் கொட்டகை அறவே கூடாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் கருகியதற்குப் பிறகும் “தற்காலிகமாக ஒரு கொட்டகை” என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

புதுக் கட்டடம் கட்டும் எண்ணம் இருந்தால் மலைப் பகுதி பாதுகாப்பு விதிகளின்படி கூடுதல் ஒப்புதல் தேவைப்படும், மாதக்கணக்கில் ஆகும். முதல் மூன்று வருடத்துக்குக் கட்டாதீர்கள். சமுதாயக் கூடம், மகளிர் குழுக் கட்டடம், தொடக்கப் பள்ளியில் காலியாக உள்ள அறை, இவற்றில் ஒன்றைக் கேட்டுப் பெறுவது நல்லது.

ஊரோடு ஒப்பந்தம் என்றால் யாரோடு?

ஊராட்சி மன்றத் தலைவரின் கையெழுத்து மட்டும் போதாது. சேர்வராயன் மலையில் பெரும்பான்மையாக வாழும் மலையாளிப் பழங்குடி மக்களிடம் ஊர்க் கவுண்டர், பெரியவர்கள் கூடி முடிவெடுக்கும் வழக்கம் இன்னும் உண்டு. முதலில் அங்கே பேசி, பிறகு கிராம சபையில் தீர்மானமாக வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும்.

நடத்துவதற்கு 7 பேர் கொண்ட குழு போதும்: பெற்றோர் நால்வர், அவர்களில் மூவராவது பெண்கள், அங்கன்வாடி ஊழியர், பள்ளிப் பிரதிநிதி, தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர். ஊரில் இரண்டு மூன்று குக்கிராமங்கள் சேர்ந்திருந்தால் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பெற்றோர் கட்டாயம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் “அது மேலூர்க்காரர்கள் பள்ளி” என்ற பேச்சு கிளம்பும். அதன்பிறகு கீழூர்ப் பிள்ளைகள் வரமாட்டார்கள்.

ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டியவை: குறைந்தது 3 கல்வியாண்டு, விலகுவதானால் 6 மாத முன்னறிவிப்பு, அதுவும் கல்வியாண்டின் நடுவில் கூடாது, கட்டணத்தை ஏற்றும் அதிகாரம் குழுவுக்கு மட்டும், நேரத்தையும் விடுமுறையையும் ஊர் தீர்மானிக்கும், பாடமுறை, ஆசிரியர் பயிற்சி, சம்பளம் பள்ளியின் பொறுப்பு. 3 ஆண்டு என்று வலியுறுத்தக் காரணம் உண்டு. தாளாளரோ முதல்வரோ மாறியதும் இத்தகைய முயற்சிகள் சத்தமில்லாமல் நின்றுபோகின்றன. எழுத்தில் இருந்தால் அடுத்து வருபவர் பதில் சொல்லியாக வேண்டும்.

அறை எப்படி இருக்க வேண்டும்?

25 பிள்ளைகளுக்கு 300 சதுர அடி. ஜன்னல் பிள்ளையின் கண்மட்டத்தில் ஒன்றாவது இருக்கட்டும். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். மார்கழி, தை மாதங்களில் சிமென்ட் தரை ஐஸ் மாதிரி இருக்கும். கீழே தார்ப்பாய், அதன்மேல் தேங்காய் நார்ப் பாய், அதன்மேல் ஜமுக்காளம் என்று மூன்று அடுக்காக விரியுங்கள். தார்ப்பாயை மட்டும் விரித்தால் பனியில் அடியில் நீர் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் வெயிலில் உலர்த்த வேண்டும்.

கழிப்பறையில் பெரியவர்களுக்கான பீங்கானில் சின்னப் பிள்ளை உட்காரப் பயப்படும். அதன் முன்பக்கம் பலகையோ தாழ்ந்த பிடியோ வையுங்கள். காட்டெருமைகள் தோட்டங்களில் நடமாடும் பகுதியானால் சுற்றிலும் வேலி வேண்டும். மாலையில் பனி இறங்குமுன் பிள்ளைகள் வீடு சேர்ந்திருக்க வேண்டும். குரங்கு வரும் ஊரில் சாப்பாட்டுப் பாத்திரம் மூடிய அலமாரிக்குள் இருக்கட்டும்.

மாதம் எவ்வளவு செலவாகும்?

25 பிள்ளைகளுக்கு ஒரு மாதிரிக் கணக்கு. ஆசிரியைக்கு 14,000 ரூபாய், உதவியாளருக்கு 9,000. காலைச் சிற்றுணவு பிள்ளைக்கு நாளொன்றுக்கு 12 ரூபாய் வீதம் 22 நாளைக்கு 6,600. கற்றல் பொருள், சோப்பு, துடைப்பம் வகையில் 2,500. மின்சாரம், தண்ணீர், சில்லறைப் பழுது 1,500. பள்ளியிலிருந்து வாரம் ஒருமுறை போய் வரும் ஒருங்கிணைப்பாளரின் பயணத்துக்கு 2,400. ஆக மொத்தம் 36,000.

கட்டணம் மாதம் 300 ரூபாய், 20 வீடுகள் கட்டுகின்றன, 5 வீடுகளால் முடியவில்லை என்று வைத்துக்கொண்டால் வரவு 6,000. மீதி 30,000-த்தைப் பள்ளி ஏற்க வேண்டும். வருடத்துக்கு 3.6 லட்சம். 600 மாணவர் படிக்கும் பள்ளியானால் மாணவர் ஒருவருக்கு மாதம் 50 ரூபாய் விழுகிறது.

அதற்காக இந்த 50 ரூபாயை உங்கள் மாணவர்களின் கட்டணத்தில் ஏற்றிவிட முடியாது. தனியார் பள்ளிக் கட்டணத்தை நிர்ணயக் குழு முடிவு செய்கிறது, அதற்கு மேல் வசூலித்தால் சட்டமீறல். அறக்கட்டளையின் சொந்த நிதி, முன்னாள் மாணவர்கள், விரும்பிக் கொடுப்பவர்கள் என்றுதான் திரட்ட வேண்டும். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியை நாடுவதானால் அறக்கட்டளைக்கு வருமான வரிச் சலுகைக்கான பதிவும் (12ஏ, 80ஜி எனப்படுபவை), அந்த நிதியைப் பெறுவதற்கான சி.எஸ்.ஆர்.-1 பதிவும் தேவை. அந்த நிதி பெரும்பாலும் ஓராண்டுக்குத்தான் வரும். அதைச் சம்பளத்துக்கு நம்பாதீர்கள். வேலி, கழிப்பறை, அலமாரி என்று ஒருமுறைச் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முழுக்க இலவசமாகவே நடத்தலாமே?

நடத்தலாம், ஆனால் சிறு கட்டணம் இருப்பதே நல்லது. பணம் கட்டும் தாய் ஆசிரியை வராத நாளில் “ஏன் வரவில்லை” என்று உரிமையோடு கேட்பாள். மாதக் கட்டணம் எஸ்டேட்டின் ஒரு நாள் கூலியைத் தாண்டக் கூடாது. சம்பளம் வாரச் சந்தைக்கு முன் கைக்கு வரும் ஊரில் வாரம் 75 ரூபாயாக வாங்கினால் சுமை தெரியாது. பறிப்பு இல்லாத மாதங்களில் தள்ளிக் கட்டவும், குழு முடிவு செய்தால் விலக்கவும் வழி வையுங்கள். யார் கட்டவில்லை என்பது கணக்குப் புத்தகத்துக்கு வெளியே போகக் கூடாது. பலகையில் எழுதிப் போட்டால் அந்தப் பிள்ளை மறுநாளிலிருந்து வராது.

ஆசிரியை யார்? நகரத்திலிருந்து அனுப்பலாமா?

அதே ஊரில், அல்லது நடந்து வரும் தூரத்தில் இருக்கும் பெண்ணையே எடுங்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவராக, முடிந்தால் ஆசிரியர் பட்டயமோ பாலர் கல்விப் பயிற்சியோ பெற்றவராக இருக்கட்டும். சேலத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வருபவர் மழைக்காலத்தில் பாதி நாள் வரமாட்டார். அதில் அவரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

பயிற்சி மே மாதத்தில் 12 வேலைநாள், உங்கள் பள்ளியின் மழலையர் வகுப்பில். பிறகு மாதம் ஒரு சனிக்கிழமை. வாரம் ஒருமுறை உங்கள் மூத்த மழலையர் ஆசிரியை ஊருக்குப் போய் முழு வகுப்பிலும் உடன் இருக்க வேண்டும். தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல் 20 பிள்ளைக்கு ஓர் ஆசிரியரும் ஓர் உதவியாளரும் என்கிறது. 20-ஐத் தாண்டினால் இன்னொரு கை வேண்டும், அதனால் ஒரு மாற்றுப் பெண்ணையும் சேர்த்தே பயிற்றுங்கள். 25 பிள்ளைகள் இருந்தால் அவர்தான் அரை நாள் உதவி; அவருக்கான ஊதியம் மேலே போட்ட 36,000-இல் சேரவில்லை. திருமணம், பிரசவம் என்று ஆசிரியை விலகும்போது அவர்தான் கைகொடுப்பார். எவரையும் காவல்துறைச் சரிபார்ப்பு இல்லாமல் சேர்க்காதீர்கள். 1098 குழந்தைகள் உதவி எண் சுவரில் பெரிதாக எழுதியிருக்கட்டும்.

எங்கள் பிள்ளை இன்னும் ஏ பி சி டி எழுதவில்லையே. வெறும் விளையாட்டுக்கா பணம் கட்டுகிறோம்?

பெற்றோர் கேட்பதில் நியாயம் இருக்கிறது, மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். நான்கு வயதுப் பிள்ளையின் விரலுக்கும் மணிக்கட்டுக்கும் பென்சிலைப் பிடித்துச் சிறு எழுத்தை வரைய இன்னும் வலு வரவில்லை. வற்புறுத்தினால் பென்சிலை முஷ்டியாகப் பிடிக்கப் பழகிவிடும், பிறகு மாற்றுவது கடினம். எனவே கைக்கு முதலில் வேறு வேலை.

மலையிலேயே கிடைப்பதை வைத்து அதைச் செய்யலாம். சில்வர் ஓக் இலைகளைப் பெரிது சிறிதாக அடுக்குவது. மணல் தட்டில் விரலால் கோடு இழுப்பது. கேழ்வரகு மாவைப் பிசைந்து உருட்டுவது. காய்ந்த காப்பிக் கொட்டையைச் சுட்டுவிரலாலும் கட்டைவிரலாலும் ஒவ்வொன்றாக எடுத்து முட்டை அட்டையின் குழியில் போடுவது. இந்த விரல் பிடிதான் நாளைக்குப் பென்சில் பிடி. 30 குழிகளையும் நிரப்பும் பிள்ளை எண்ணவும் கற்றுக்கொள்கிறது. கொட்டை வேலையில் ஒரே நேரத்தில் 4 பிள்ளைக்கு மேல் வேண்டாம், ஆசிரியை பக்கத்திலேயே இருக்க வேண்டும். மூக்கிலோ காதிலோ போட்டுக்கொள்ளும் வயது அது. முடிந்ததும் எண்ணி டப்பாவில் போடுங்கள். குன்றிமணியை அழகாக இருக்கிறது என்று வகுப்புக்குள் விடவே கூடாது, அது நஞ்சு.

ஐந்து வயதை நெருங்கும்போது தமிழ் எழுத்து வரும், கூடவே ஆங்கிலப் பாட்டும் சொற்களும் வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெற்றோரை அழைத்து, பிள்ளை அன்றைக்குச் செய்வதை நேரில் பார்க்க வையுங்கள். ரிப்போர்ட் கார்டைவிட அது அவர்களுக்கு விளங்கும்.

வீட்டில் நாங்கள் பேசுவது மலைப் பேச்சு. பிள்ளைக்குப் புரியுமா?

புரியும்படி நடத்துவது ஆசிரியையின் வேலை. முதல் பருவம் முழுக்க வீட்டுப் பேச்சிலேயே பேசட்டும். “அப்படிச் சொல்லக் கூடாது” என்று திருத்தினால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். பிள்ளை சொன்னதை ஏற்றுக்கொண்டு, அதையே பாடநூல் தமிழில் ஒருமுறை சொல்லிக் காட்டினால் போதும்.

நேரம் என்ன? பறிப்புக் காலத்தில் நாங்கள் விடியற்காலையே கிளம்ப வேண்டுமே?

இங்கேதான் நிறையப் பாலர் பள்ளிகள் சறுக்குகின்றன. நவம்பர் வாக்கில் தொடங்கும் காப்பிப் பறிப்பு பிப்ரவரி வரை போகும், அதை ஒட்டி மிளகு வரும். அந்த மாதங்களில் 9 மணிக்குக் கதவு திறந்தால் பயனில்லை. தாய் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போவாள். இல்லையென்றால் ஆறாம் வகுப்பு படிக்கும் அக்காவைப் பள்ளிக்கு அனுப்பாமல் தம்பியைப் பார்த்துக்கொள்ள வைப்பாள். பாலர் பள்ளியை நம்பி நிற்பது சின்னப் பிள்ளை மட்டுமல்ல, அந்த அக்காவின் படிப்பும்தான்.

எனவே பறிப்பு மாதங்களில் 7.30-க்குத் திறந்து, மதியம் அங்கன்வாடியில் சாப்பிட்டுத் தூங்கி, 4 மணிக்குத் தாய் வரும்வரை யாராவது ஒருவர் இருக்க வேண்டும். உதவியாளருக்கு அந்த மாதங்களில் கூடுதல் ஊதியம் கொடுங்கள். விடுமுறையையும் உங்கள் பள்ளியின் அரையாண்டுத் தேர்வை வைத்துப் போடாமல், ஊர்த் திருவிழாவை வைத்துப் போடுங்கள். வேலை தேடிக் கேரளாவுக்கோ கர்நாடகத்துக்கோ குடும்பத்தோடு போகும் வீடுகள் இருந்தால், திரும்பி வந்ததும் கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காலையில் என்ன சாப்பிடக் கொடுப்பார்கள்?

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 1 முதல் 5-ஆம் வகுப்பு வரைதான், பாலர் பள்ளிக்கு வராது. எனவே 9 மணிக்குச் சூடாக ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும்: கேழ்வரகுக் கூழ், சாமைப் பொங்கல், பயறு, வாழைப்பழம். முழுக் கடலையும் முழு நிலக்கடலையும் தொண்டையில் சிக்கும், பொடித்தோ மசித்தோ கொடுங்கள். குடிநீர் சுனை நீராக இருந்தாலும் கொதிக்க வைத்து ஆற்றியதே. மாதம் ஒருமுறை அங்கன்வாடி ஊழியரோடு சேர்ந்து எடையும் மேற்கையின் சுற்றளவும் பாருங்கள். சுற்றளவு 12.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் கிராமச் செவிலியரிடம் சொல்லுங்கள். 11.5-க்குக் கீழே போனால் அன்றே ஆரம்ப சுகாதார நிலையம்.

பிறப்புச் சான்றும் சாதிச் சான்றும் இல்லாவிட்டால் சேர்ப்பார்களா?

சேர்க்க வேண்டும். ஜூலை 31 அன்று 3 வயது நிறைந்திருந்தால் போதும், தடுப்பூசி அட்டையை வைத்தே வயதைக் குறித்துக்கொள்ளலாம். ஆனால் அதோடு விட்டுவிடாமல் அந்த வருடத்துக்குள் சான்று வாங்க உதவுவது பள்ளியின் வேலை. வீட்டில் பிறந்து ஒரு வருடத்துக்குள் பதியாத பிள்ளைக்குக் கோட்டாட்சியர் அளவில் உத்தரவு வேண்டும். பழங்குடியினர் சாதிச் சான்றும் கோட்டாட்சியரிடமிருந்துதான் வரும். கூலி வேலையை விட்டுவிட்டு ஒவ்வொருவராக அலைவதைவிட, பத்துப் பதினைந்து மனுவைச் சேர்த்து ஒரே நாளில் கொடுக்க ஒருங்கிணைப்பாளர் ஏற்பாடு செய்யட்டும்.

யு.கே.ஜி. முடிந்ததும் உங்கள் தனியார் பள்ளியிலேயே தொடரலாமா?

இடமும் உதவித்தொகையும் தர முடிந்தால் பள்ளி சொல்லட்டும். முடியாததை உறுதி சொல்லி ஆசை காட்டக் கூடாது. பெற்றோரும் ஒன்றை யோசிக்க வேண்டும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு மருத்துவம், பொறியியல் உள்ளிட்ட படிப்புகளில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது. அங்கே படித்த பெண் கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. ஊரில் உள்ள ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியோ அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியோ நன்றாக நடந்தால், பாலர் பள்ளி முடித்த பிள்ளை அங்கே போவது இரண்டாந்தர முடிவல்ல. முதல் வகுப்பு ஆசிரியரை யு.கே.ஜி.யின் கடைசி மாதத்தில் இரண்டு மூன்று முறை வகுப்புக்கு அழையுங்கள். பிள்ளைகளுக்கு அந்த முகம் பழகிவிடும்.

நன்கொடை கொடுத்தவர்கள் வந்து பார்க்க, படம் எடுக்கக் கேட்கிறார்கள்.

பார்க்கலாம், குழு அனுமதித்த நாளில், ஒரே நேரத்தில் மூன்று பேருக்கு மேல் போகாமல். பிள்ளைகளின் முகம் தெரியும் படம் பெற்றோர் எழுத்தில் சம்மதித்தால் மட்டும். பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் கொடுத்து வரிசையில் நிற்க வைத்துப் படம் எடுப்பதை அனுமதிக்கவே வேண்டாம். உடைந்த பொம்மை, பழைய துணி வந்தால் நன்றி சொல்லித் திருப்பி அனுப்புங்கள். உங்கள் நகர வளாகத்துக்கு எது தகாதோ அது இங்கேயும் தகாது.

ஜூனில் திறக்க வேண்டுமானால் எப்போது வேலையைத் தொடங்குவது?

முந்தைய நவம்பர் 1 கிராம சபைக்கு முன்பே பேச்சைத் தொடங்கிவிடுங்கள். டிசம்பர், ஜனவரியில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு. பறிப்புக் காலம் என்பதால் மாலை 5 மணிக்கு மேல்தான் ஆட்கள் இருப்பார்கள். ஜனவரி 26 கிராம சபையில் தீர்மானம். பிப்ரவரியில் நான்கு சான்றுகளுக்கும் மனு. மார்ச்சில் ஆசிரியைத் தேர்வு, ஏப்ரலில் அறை வேலை, மேயில் பயிற்சி. சான்று வந்து சேராவிட்டால் திறப்பைத் தள்ளிப் போடுங்கள், சான்றில்லாமல் திறக்காதீர்கள். முதல் இரண்டு வாரம் தினம் 8 பிள்ளை வீதம் ஒன்றரை மணி நேரம் மட்டும் வரட்டும், அம்மாவோ பாட்டியோ உள்ளேயே உட்காரலாம். 25 பேரையும் முதல் நாளே கூட்டினால் ஒன்று அழ, எல்லாம் அழும். அந்த வாரத்திலேயே நான்கைந்து வீடுகள் பின்வாங்கிவிடும்.